வாழைமரம் கட்டிய படகு

ஃபேரர் பார்க்,
3 நவம்பர்

அன்புள்ள தம்பி சுந்தரேசனுக்கு,

அக்கா பாக்கியலட்சுமி எழுதுவது. பெர்த்தில் நீயும் மோகனாவும் வர்ஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மோகனாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? என் சர்க்கரை பன்னிரண்டில் நிற்கிறது. டாக்டர் திட்டினார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ கிளம்பும்போது சாங்கி விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதப் பத்தி ஃபோன்ல எதுவும் பேசாத, மெசேஜும் போடாத. என்னோடது கம்பெனி ஃபோன். எழுதணும்னா லெட்டர் எழுது" என்றாய். அதனால்தான் இந்தக் காகிதம். கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று ஞாபகமே இல்லை.

கபிலன் போய் முப்பத்து மூன்று நாள் ஆகிறது. நேற்று ட்ரோன் விட்ட அந்தக் கடற்படையிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு வரி. "தானியங்கிக் கணிப்பில் நேர்ந்த வருந்தத்தக்க பிழை" என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தேழு வயதுப் பிள்ளையையும் இன்னும் நான்கு பேரையும் இழுவைப்படகோடு சேர்த்துக் கொளுத்திவிட்டு, பிழையாம். ஏதோ எழுத்துப் பிழை போல. ட்ரோன் தானே பறந்ததாம், தானே தேடியதாம், தானே முடிவு செய்ததாம். யாரும் சுடவில்லையாம்.

படகுக் கம்பெனிக்காரர்கள் வேறு ஒன்று சொல்கிறார்கள். படகு யாருடையது என்று ஊருக்குச் சொல்லும் கருவியை அந்த நேரத்தில் அணைத்து வைத்திருந்தார்களாம். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான். பால் டின் திருடியவன் வழக்கில்கூட ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவன் எழுந்து நிற்பான். என் பிள்ளையைக் கொன்ற வழக்கில் எழுந்து நிற்க ஆளே இல்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. எனக்கு ஒரு பெயர் வேண்டும் தம்பி. நீ கேமராவுக்குக் கப்பல்களை அடையாளம் காட்டச் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறாய். அந்த உலகத்தில் உனக்கு ஆள் தெரியும். கண்டுபிடித்துக் கொடு. அவன் எழுந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

மோகனாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள்.

உன் அக்கா,
பாக்கியலட்சுமி


பெர்த்,
19 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். மோகனாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், இப்போது பரவாயில்லை. நீ சர்க்கரையைக் கவனி அக்கா. சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து எனக்கும் அன்று சாப்பிட முடியவில்லை.

நீ கேட்ட விஷயம். அந்த ட்ரோனுக்கும் எங்கள் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. நாங்கள் துறைமுகப் பாதுகாப்புக்குத்தான் செய்கிறோம். ஆனால் இந்த மாதிரி இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்பது பொதுவாகத் தெரியும், அதைச் சொல்கிறேன். அதற்கு லட்சக்கணக்கான படங்களைக் காட்டுவார்கள். இது மீன்பிடிப் படகு, இது போர்ப்படகு என்று. பிறகு அது கடலில் எதைப் பார்த்தாலும் மார்க் போடும். மார்க் ஓர் அளவைத் தாண்டினால், கண்காணிக்கிறவர் முன்னால் ஒரு படம் வரும். அவருக்கு இருபது வினாடி. அதற்குள் அவர் "வேண்டாம்" என்று அழுத்தலாம். அழுத்தாவிட்டால் ட்ரோன் போய்த் தாக்கிவிடும். அவர் முன்னால் அதே நேரத்தில் முப்பது படகு இருக்கும்.

இதில் யாரைக் குற்றம் சொல்வாய்? படம் எடுத்தவனையா, அடையாளம் போட்டவனையா, அழுத்தாதவனையா? நூறு பேர் கை பட்ட வேலை. ஒரு பெயர் என்று இதில் கிடைக்கவே கிடைக்காது. தேடத் தேட உன் உடம்புதான் கெடும். சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, இங்கே வந்து எங்களோடு ஒரு மாதம் இரு. வர்ஷாவும் அத்தை எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

அன்புடன் தம்பி,
சுந்தரேசன்


ஃபேரர் பார்க்,
2 டிசம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். மோகனாவுக்கு வலி குறைந்தது கேட்டுச் சந்தோஷம். என் சர்க்கரை அப்படியேதான்.

நூறு பேர் கை பட்டதாம். நல்ல கதை. கூட்டமாகச் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொன்ற வழக்கு எத்தனை பார்த்திருக்கிறேன் தெரியுமா? "நான் ஒரு அடிதான் அடிச்சேன் ஐயா" என்று ஒவ்வொருவனும் சொல்வான். அதை வரிசையாக மொழிபெயர்த்துச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. சாமி மேல் பாரத்தைப் போடச் சொல்கிறாய். சாமியா ட்ரோன் செய்தது?

போன ஞாயிற்றுக்கிழமை துவாஸ் போயிருந்தேன். படகில் தப்பித்தவன் ராஜீவ் ஒருவன்தானே. சமையல்காரப் பையன், திருவாரூர் பக்கம். அங்கே தொழிலாளர் டார்மிட்டரியில் இருக்கிறான். இடது காது கேட்கவில்லை. நான் கபிலனின் அம்மா என்றதும் காலில் விழப்போனான். பிடித்து நிறுத்தி, நடந்ததைச் சொல் என்றேன்.

மூழ்கிப்போன ஒரு கப்பலைத் தூக்குகிற வேலைக்காகப் படகை பார்ஜ் என்கிற பெரிய தட்டைப் படகுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அன்று ஆயுத பூஜை. முதல் நாளே கரைக்குப் போய் மார்க்கெட்டில் வாழைக்கன்று இரண்டு வாங்கி வந்தார்கள். படகின் முகப்பில் ஒன்று, கட்டுப்பாட்டு அறை வாசலில் ஒன்று கட்டினார்கள். தென்னங்கீற்றுத் தோரணம் வேறு. கபிலன் ஒவ்வொரு கருவிக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தானாம். டெக்கா மார்க்கெட்டில் நான் வாங்கிக் கொடுத்துவிட்ட சந்தனம்.

"கற்பூரம் காட்டியாச்சும்மா. பூசணிக்காய டெக்குல ஒடைக்கப் போனேன். கபிலண்ணன் வேணாம்னுட்டாரு. தண்ணி பட்டா வழுக்கும்டா, எவனாச்சும் விழுவான், பார்ஜுல கொண்டு போயி ஒடன்னாரு. நான் ஏணியில ஏறிப் பார்ஜுல கால வைக்கிறேன், பின்னாடி சத்தம். திரும்பிப் பார்த்தா படகே இல்லம்மா" என்றான்.

தரை வழுக்கி யாரும் விழக்கூடாது என்று பார்த்த பிள்ளை தம்பி அவன்.

கற்பூரம் பற்ற வைப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ராஜீவ் எடுத்த படம் அவன் ஃபோனில் இருந்தது. வாங்கி வந்திருக்கிறேன். வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் கபிலன், நெற்றியில் விபூதி. நூறாம் நாள் நினைவஞ்சலிக்கு அதைத்தான் பத்திரிகையில் போடப்போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உனக்குத்தான் பொதுவாகத் தெரியுமே. அந்த இயந்திரத்துக்கு வாழைமரம் என்றால் என்ன என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

உன் அக்கா,
பாக்கியலட்சுமி


பெர்த்,
15 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே நலம். வெயில் நாற்பதைத் தொடுகிறது. வர்ஷாவுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று.

துவாஸுக்கெல்லாம் அலையாதே அக்கா. அந்தப் பையனே பாதிக்கப்பட்டவன், அவனைக் கிளறுவது நல்லதில்லை. பத்திரிகையில் அந்தப் படம் வேண்டாம். கபிலன் பட்டமளிப்பில் எடுத்த படம் நன்றாக இருக்குமே, அதைப் போடு. படகுப் படத்தைப் பார்த்தால் தேவையில்லாமல் ஆட்கள் பேசுவார்கள்.

வாழைமர விஷயம் எனக்குத் தெரியாது.

அன்புடன்,
சுந்தரேசன்


ஃபேரர் பார்க்,
14 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். இன்று பொங்கல், இந்த வருஷம் நமக்குக் கிடையாது. கீழே புளோக்கில் பானை வைத்திருக்கிறார்கள், பால் வாசனை எட்டாவது மாடி வரைக்கும் வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

படகுப் படத்தையே போட்டேன். பெரிதாக, கால் பக்கத்துக்கு. மூன்றாம் நாள் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அனுப்ரியா என்று பெயர், முப்பது வயதுக்குள் இருக்கும். முன்பு நகரத்தில் ஓர் அலுவலகத்தில் படங்களுக்கு அடையாளம் போடும் வேலை பார்த்தவளாம். அரை மணி நேரம் அழுதாள். டீ போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் பேசிவிட்டுப் போனாள். அதை விடு.

எனக்கு இப்போது கோபமெல்லாம் தணிந்துவிட்டது தம்பி. வயசாகிறது, எத்தனை நாள் கத்திக்கொண்டிருப்பது? தெரிந்துகொள்ளத்தான் ஆசை. என் பிள்ளை எதனால் செத்தான் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? இது காகிதம், உன் கம்பெனி படிக்காது. உனக்குத் தெரிந்ததை எனக்கு மட்டும் விளக்கி எழுது. பொதுவாக எழுதினால் போதும்.

முறுக்கு அனுப்புகிறேன். வர்ஷாவுக்கு எள்ளு போடாதது.

உன் அக்கா,
பாக்கியலட்சுமி


ஃபேரர் பார்க்,
20 பிப்ரவரி

தம்பி,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது? முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்ததா? தைப்பூசத்தில் உன் பள்ளிக்கூடத்து நண்பன் ரமணன் காவடி எடுத்தான், உன்னை விசாரித்தான். நலமாக இருக்கிறாய் என்று சொன்னேன். நலம்தானே?

அக்கா


பெர்த்,
8 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம், முறுக்கு வந்தது. வேலை நெருக்கடியில் உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

உனக்குக் கோபம் தணிந்தது பெரிய நிம்மதி. நீ கேட்டாய் என்பதால் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

அந்தக் கடலில் எதிரிகள் சின்னப் படகுகளில் வெடிமருந்து கடத்துகிறார்கள். கீற்று, தழை, மரக்கிளை போட்டுப் படகை மூடிக்கொண்டு வருவார்கள். அதனால் படகு மேல் செடிகொடி இருந்தால் அது ஒளிந்துகொள்கிற படகு என்று இயந்திரத்துக்குச் சொல்லித்தந்திருக்கிறது. அதற்கு ஒரு மார்க். அடையாளம் சொல்லும் கருவி அணைந்திருந்தால் ஒரு மார்க். நகராமல் நின்றால் ஒரு மார்க். மூன்றும் சேர்ந்தால் அளவைத் தாண்டிவிடும். கபிலன் படகில் அன்று மூன்றும் இருந்தது.

பண்டிகைக்கு அலங்கரித்த படகு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தனி வகையாக வைக்க வேண்டும் என்று அடையாளம் போடும் இடத்திலிருந்து யாரோ எழுதியிருந்தார்களாம். நாங்கள் வைக்கவில்லை. மேலே இருந்தவர் ஆயிரத்தில் ஒன்றுக்காகத் தனி வகை வேண்டாம் என்று முடிவெடுத்தார். அது அந்த நேரத்தில் சரியான முடிவு என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. அவர் யார் என்று தெரியாது.

இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சுந்தரேசன்


ஃபேரர் பார்க்,
21 மார்ச்

சுந்தரேசா,

நவம்பரில் சம்பந்தமே இல்லை என்றாய். மார்ச்சில் "நாங்கள் வைக்கவில்லை" என்கிறாய். கோர்ட்டில் இந்த இடத்தில் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

அவர் யார் என்று எனக்கு ஜனவரியிலேயே தெரியும். என் சோபாவில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, பேப்பர்ல அந்த போட்டோ பார்த்ததும் எனக்கு உடனே தெரிஞ்சிருச்சு லா. சேம் பிக்சர் ஆன்ட்டி. வேற ஒரு போட், பட் சேம் வாழைமரம். டிரெய்னிங் செட்ல வந்துச்சு. நான் ஃபெஸ்டிவல்னு போட்டேன். அவங்க ஒளிஞ்சிக்கிற போட்னு மாத்திட்டாங்க. நான் ரெண்டு தடவ எழுதினேன், இட்ஸ் அவர் கல்ச்சர், தப்பாயிடும்னு. பெர்த்லேர்ந்து ஒரு லைன் ரிப்ளை வந்துச்சு. தமிழ் ஆளுதானே, இவருக்குப் புரியும்னு நெனச்சேன்."

பெயரைக் கேட்டேன். அவளுக்கு நீ என் தம்பி என்று தெரியாது. சொன்னாள். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பால் பொங்கி வழிந்திருந்தது.

கோபம் தணிந்தது என்று எழுதினேனே, அது பொய். உன்னை எழுத வைக்கத்தான் அப்படி எழுதினேன். நீ சொன்னபடி ஒன்றையும் கிழித்துப் போடவில்லை, எல்லாக் கடிதமும் கபிலனின் சர்டிபிகேட் ஃபைலில் இருக்கிறது.

காது குத்தும்போது உன் மடியில்தான் அவனை உட்கார வைத்தோம். வலியில் உன் கட்டை விரலைக் கடித்து ரத்தம் வரவைத்தான், தழும்பு இன்னும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அவன் அப்பா இல்லாததால் மண்டாய் சுடுகாட்டில் கொள்ளி வைத்தவனும் நீ. பெட்டியைத் திறக்க விடவில்லை. மூடின பெட்டிக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாயே, அப்போது உனக்குத் தெரியுமா தெரியாதா? அதை எழுது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுது. பூசி மெழுகாமல், "மேலே இருந்தவர்" என்று யாரையும் இழுக்காமல், நான் என்று எழுது. கீழே கையெழுத்துப் போடு.

செய்யாவிட்டால் இதையெல்லாம் நான் மோகனாவுக்கு எழுதுவேன். வர்ஷாவுக்கும் எழுதுவேன். பதினாறு வயதாகிறது, அவளுக்குப் புரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

பாக்கியலட்சுமி


பெர்த்,
30 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும், சர்க்கரை எப்படி இருக்கிறது?

மூன்று மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதுகிறேன்.

அந்த ட்ரோனுக்குக் கண் கொடுத்தது எங்கள் கம்பெனி. எது எந்த வகை என்று கடைசியாக முடிவு செய்கிற பொறுப்பு என்னுடையது. அந்தப் பெண் எழுதியது வந்தது. படித்ததும் எனக்குப் புரிந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் அப்பா கிரேனுக்கு வாழைமரம் கட்டும்போது கயிறு பிடித்தவன் நான், எனக்குப் புரியாதா? ஆனால் வாரத்துக்கு நாற்பதாயிரம் படம் வந்துகொண்டிருந்தது. ஒரு வகை சேர்த்தால் மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம் சோதனை. கடற்படைக்கு நாள் குறித்தாயிற்று. தவிர, அலங்காரம் பண்ணிய படகை விட்டுவிடு என்று கற்றுக்கொடுத்தால், அடுத்த வாரமே எதிரி தோரணம் கட்டிக்கொண்டு வருவான். அதுவும் உண்மைதான். எந்த மடையன் சண்டை நடக்கிற கடலில் ஆயுத பூஜை கும்பிடுவான் என்று நினைத்தேன். "ஆயிரத்தில் ஒன்று, தனி வகை வேண்டாம்" என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். நான்தான்.

அன்று இங்கேயும் ஆயுத பூஜை. மோகனா என் லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து சாமி முன்னால் வைத்திருந்தாள். இன்றைக்கு அதைத் தொடாதீர்கள் என்றாள். சாயங்காலம் ஆபீசிலிருந்து அவசரம் என்று கூப்பிட்டார்கள். பொட்டு காயவில்லை, திறந்தேன். இயந்திரம் தாக்குவதற்கு முன் எடுத்த படம் வந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு வாழைக்கன்று, நடுவில் ஒரு தட்டில் சின்ன வெளிச்சம். கற்பூரம். யார் படகு என்று தெரியுமுன்னே லேப்டாப்பை மூடிவிட்டேன். அரை மணி கழித்துத்தான் உன் ஃபோன் வந்தது.

மண்டாயில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொள்ளி வைத்தேன்.

இப்போது இன்னொன்று. இதை எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். படகில் கருவியை யார் அணைக்கச் சொன்னது என்று எங்கள் கம்பெனி விசாரித்தது. ராஜீவ் சொன்னது இரண்டு பக்கம். உங்கள் ஊர் மரண விசாரணைக்குப் போனது ஒரு பக்கம்தான். இரண்டாம் பக்கத்தில், அன்று காலையில் கபிலன் ஒரு வாய்ஸ் மெசேஜை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுக் காட்டினான் என்று இருக்கிறது. அது யாருடைய குரல் என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தவன் நான். அந்தப் பையனிடமும் உன்னிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

அக்கா, அது வெளியே வராது. நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் என் கடிதங்களை அந்த ஃபைலிலேயே வைத்துக்கொள். நம் இரண்டு பேர் பெயரும் கெட்டால் போன பிள்ளை திரும்பி வந்துவிடுவானா?

இப்படிக்கு,
சுந்தரேசன்


ஃபேரர் பார்க்,
17 ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். உன் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. சர்க்கரை கேட்டிருந்தாய். பதினான்கு.

பேரம் பேசுகிறாய். உன் விஷயத்தில் நான் வாயை மூடினால் என் விஷயத்தில் நீ வாயை மூடுவாய். நல்ல பிள்ளை.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து தெரியும். உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அந்தக் கருவியைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை என்று எழுதினேனே, கவனித்தாயா? துவாஸில் ராஜீவ் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சொன்னபோது, ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

நீ இரண்டாம் பக்கத்தைத்தான் படித்திருப்பாய். நான் அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன், ஃபோனில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்: "கபிலா, பூஜ போடுறப்ப எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிடு லா. தாத்தா செம்பவாங்ல கிரேனையே நிறுத்திட்டுத்தான் பொட்டு வைப்பாரு. ஓடிக்கிட்டிருக்கிற மெஷினுக்குப் பொட்டு வச்சா சாமி ஏத்துக்காது."

அவன் பதில் போட்டான்: "அம்மா, எல்லாத்தையும் ஆஃப் பண்ண முடியாதும்மா. ஒன்னு ரெண்டு ஆன்ல தான் இருக்கணும், அது ரூல்."

நான்: "அரை மணி நேரந்தானே. அதுக்குள்ள என்ன, கப்பலா கவுந்துடப் போகுது?"

அவன்: "சரிம்மா."

அந்த "சரிம்மா"வைத் தினமும் கேட்கிறேன். உன் பெயரைத் தேடி இத்தனை மாதம் அலைந்தேன் பார், பாதி அந்தச் சத்தம் என் காதில் விழாமல் இருக்கத்தான். கொன்றவன் எவனாவது கிடைத்துவிட்டால், கொன்றவள் நான் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். நீ கிடைத்தாய். ஆனால் அப்படி ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடத்தும் அதிகாரியிடம் போனேன். சீனப் பெண், பொறுமையானவள். உன் கடிதங்களையும், நகல் எடுத்து வைத்திருந்த என் கடிதங்களையும் மொத்தமாகக் கொடுத்தேன். ஃபோனையும் கொடுத்தேன். மேடம், இது உங்களுக்கே எதிராகப் போகும், தெரிந்துதான் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். தெரிந்துதான் என்றேன். சொந்தக்காரி என்பதால் இவற்றை மொழிபெயர்க்க என்னை விடமாட்டார்கள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவர்தான் படிப்பார். உன் வரியையும் என் வரியையும் வேறு யாரோ வாயால் சொல்ல, நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தலைத்திவசம் இந்த வருஷம் ஆயுத பூஜை அன்றே வருகிறது. விசாரணையை அதற்கு இரண்டு நாள் கழித்து வைத்திருக்கிறார்கள். நான்தான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினேன். பெர்த்தில் இருந்துகொண்டால் உன்னை யாரும் இழுத்து வர முடியாது, அதுவும் விசாரித்துவிட்டேன். நீ வராவிட்டால், நாற்காலி காலியாக இருந்தது என்று பத்திரிகையில் வரும். வந்தால், பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்கலாம். எனக்கு அடுத்ததாக உன் பெயர் வரும். அவன் அம்மா என்பதால் என்னை முதலில் கூப்பிடுவார்கள்.

மோகனாவுக்கு நான் எழுதவில்லை. அதை நீயே சொல்லிக்கொள்.

வந்தால் ஹோட்டலில் தங்காதே, வீட்டுக்கு வா. ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ஐந்து நிமிஷம், லிஃப்ட் மாற்றிவிட்டார்கள், இப்போது எட்டாவது மாடியிலேயே நிற்கும். கபிலனுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் செய்கிறேன். படைத்துவிட்டு இரண்டு இலை போடுவேன். நீயும் சாப்பிடு, நானும் சாப்பிடுகிறேன். உன்னை மன்னிக்க மாட்டேன் தம்பி. என்னையும்தான். விசாரணை அன்று காலையில் வெள்ளைச் சட்டை ஒன்று தேய்த்து வைக்கிறேன், கோர்ட்டுக்கு அதுதான் மரியாதை.

வர்ஷாவுக்கு ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள், அதுவரைக்கும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
கபிலனின் அம்மா